விளையாட்டு வினையாகட்டும்!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

"விளையாட்டு வினையாகும்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். விளையாட்டாகத் தொடங்குவது விபரீதத்தில் முடியும் என்பது அதன் பொருள். காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த எங்களில் இந்த எச்சரிக்கையைக் கேளாதவர் எவரும் இலர். ஆனால் ‘வினை' என்ற சொல்லுக்குத் தமிழில் செயல், தொழில் என்ற நல்ல பொருள்களும் உண்டு. அந்தப் பொருளில் விளையாட்டு வினையாக முடியுமா? முடியும் என்பது என் கருத்து. அதனை விளக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். ஆசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

நான் சொல்லும் விளையாட்டு திடலில் ஆடப்படுவதன்று. கணிப்பொறியில் பிரவுசர் எனப்படும் உலாவியைத் திறந்து, எதையும் பதிவிறக்காமல், பணம் கட்டாமல், சிறிது நேரம் ஆடிவிட்டு மூடிவிடக்கூடிய சின்ன விளையாட்டு. அவற்றுள்ளும் இயற்பியல் புதிர் என்னும் வகையை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

கவணில் ஒரு பந்தை வைத்து இழுத்து எறிந்து, தூரத்திலுள்ள கட்டடத்தைச் சாய்க்க வேண்டும். அல்லது, சரியான கயிற்றைச் சரியான நேரத்தில் அறுத்து, தொங்கும் மிட்டாயை ஒரு குட்டிப் பிராணியின் வாயில் விழச் செய்ய வேண்டும். அல்லது, மேலிருந்து கொட்டும் சர்க்கரைக்குக் கோடு வரைந்து வழிகாட்டிக் கோப்பையை நிரப்ப வேண்டும். அல்லது, பெட்டிக்குள் பழங்களைப் போட வேண்டும். ஒரே வகைப் பழங்கள் இரண்டு தொட்டால் அவை சேர்ந்து அடுத்த பெரிய பழமாகும். அப்படியே செர்ரியிலிருந்து தர்பூசணி வரை போக வேண்டும். எல்லாவற்றிலும் நமக்கு எதிரியும் துணையும் புவியீர்ப்பு, உந்தம், உராய்வு, திருப்புத்திறன் ஆகியவையே. முதல் ஆண்டில் நாம் இயக்கவியல் தாளில் படித்தவை அனைத்தும் திரையில் உருண்டும் சரிந்தும் விழுந்தும் காட்சி தருகின்றன.

என்னிடம் இருப்பது அக்காவின் மடிக்கணினி. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அக்கா மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது பெற்றது. வயதான அந்தக் கணிப்பொறி பெரிய விளையாட்டுகளின் பாரத்தைத் தாங்காது. கைப்பேசியின் இணைய இணைப்பைக் கொடுத்தால் உலாவியில் ஓடும் சிறு விளையாட்டை மட்டும் தாங்கும். நம் வகுப்பில் பலருக்கும் இதே நிலைதான். ஆகவே வசதியுள்ளோர் விளையாட்டைப் பற்றிய கட்டுரை இது என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த பிள்ளை

இந்த வகை விளையாட்டு வணிகர்கள் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பிறந்த வீடு இயற்பியல் ஆய்வுக்கூடம். அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தைப் பொதுமக்கள் ஆண்டுதோறும் பார்வையிட வருவதுண்டு. அசையாத கருவிகளையும் படங்களையும் பார்த்து அவர்கள் சலிப்படைவதை வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் கவனித்தார். அங்கிருந்த ஒரு சிறிய கணிப்பொறியின் கையேட்டில், துப்பாக்கிக் குண்டின் பாதையையும் துள்ளும் பந்தின் பாதையையும் திரையில் வரைவது எப்படி என்று எழுதியிருந்தது. அதைக் கொண்டு 1958 அக்டோபரில் ஆசிலோஸ்கோப்பின் சிறு திரையில் இருவர் ஆடும் டென்னிஸ் விளையாட்டை அமைத்தார். ஓர் ஒளிப்புள்ளிதான் பந்து. அது புவியீர்ப்புக்கு உட்பட்டு வளைந்து விழுந்தது. வலையில் பட்டால் திரும்பியது. மக்கள் வரிசையில் நின்று ஆடினார்கள்.

அதன் பிறகு நெடுங்காலம் கழித்து, 2009 டிசம்பரில் பின்லாந்து நாட்டின் ரோவியோ நிறுவனம் ‘ஆங்கிரி பேர்ட்ஸ்' என்ற கவண் விளையாட்டைக் கைப்பேசிக்கு வெளியிட்டது, 2011இல் அது உலாவிக்கும் வந்தது. கயிறறுத்து மிட்டாய் ஊட்டும் ‘கட் தி ரோப்' 2010இல் கைப்பேசியிலும் 2012இல் உலாவியிலும் வந்தது. பழங்களைச் சேர்க்கும் விளையாட்டு 2021இல் சீனாவில் உலாவி வழியாகப் பரவி, பின்னர் ‘சுய்கா' என்ற ஜப்பானிய விளையாட்டாக 2023இல் உலகெங்கும் பேசப்பட்டது. இடையில் ஒரு விபத்தும் நேர்ந்தது. உலாவி விளையாட்டுகளில் பெரும்பாலானவை ‘ஃபிளாஷ்' என்ற மென்பொருளை நம்பியிருந்தன. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று அதற்கான ஆதரவை நிறுத்தியதும் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் ஒரே நேரத்தில் உயிரிழந்தன. சிலவற்றை இணைய ஆவணக் காப்பகம் போன்ற அமைப்புகள் காப்பாற்றி வைத்துள்ளன. இன்று நாம் ஆடுபவை வேறு தொழில்நுட்பத்தில் மறுபிறவி எடுத்தவை.

இவற்றுள் பலவற்றின் உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு மனிதரையும் சொல்ல வேண்டும். அவர் பெயர் எரின் காட்டோ. பொருள்கள் எப்படி விழ வேண்டும், மோத வேண்டும், உருள வேண்டும் என்ற கணக்குகளைச் செய்யும் ‘பாக்ஸ்2டி' என்ற நிரல் தொகுப்பை அவர் எழுதினார். விளையாட்டு உருவாக்குவோர் மாநாட்டில் 2006இல் அதன் முன்வடிவைக் காட்டி, 2007இல் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார். ஆங்கிரி பேர்ட்ஸ் அதைக் கொண்டே இயங்கியது. மாநாட்டின் 2011ஆம் ஆண்டுக் கூட்டத்தில் ரோவியோவின் பிரதிநிதி பேசி முடித்ததும், கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, எந்த நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டார். பாக்ஸ்2டி என்று பதில் வந்தது. அதற்கு உரிய நன்றியை விளையாட்டில் குறிப்பிடுவீர்களா என்று மீண்டும் கேட்டார். கேட்டவர் எரின் காட்டோவேதான்! முகூர்த்தச் சேலையில் விற்ற கடையின் பெயர் இருக்கும், நெய்தவர் பெயர் இருக்காது என்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தச் செய்தி மனத்தில் தைத்தது.

தோற்பதற்கு ஓர் இடம்

இனி என் கருத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் மிக உயர்ந்த பொருள் எது? வண்ணமா, இசையா, மதிப்பெண்ணா? ஒன்றுமில்லை. திரையின் மூலையில் இருக்கும் ‘மீண்டும்' என்ற பொத்தான்தான். பந்து தவறி விழுந்ததா? அழுத்துங்கள். கட்டடம் சாயவில்லையா? அழுத்துங்கள். உலகம் பழைய நிலைக்கு வந்துவிடும். செலவு ஒரு நொடி.

இந்தப் பொத்தானின் அருமை, அது இல்லாத வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். பட்டுத் தறியில் அது கிடையாது. ஊடை ஒன்று பிசகினால் நெய்ததைப் பிரித்தெடுத்து மறுபடியும் நெய்ய வேண்டும். பிரித்த நேரத்துக்குக் கூலி இல்லை. ஜரிகை நசுங்கினால் மறைக்கவும் வழியில்லை. ஊர்த் தேரிலும் அது கிடையாது. வைகாசியில் வரதராசப் பெருமாள் தேர் வரும்போது, சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பாருங்கள். எந்தச் சக்கரத்தில், எந்தக் கோணத்தில், எந்த நொடியில் கட்டையைக் கொடுத்தால் தேர் திரும்பும், நிற்கும் என்பது ஒவ்வொரு முனையிலும் ஒரு புதிர். அதை அவர்கள் முதல் தடவையிலேயே சரியாக விடுவிக்க வேண்டும்.

நம் படிப்பிலும் அப்பொத்தான் இல்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நாம், ஐயம் வந்தால் கேட்க வீட்டில் ஆளில்லாதவர்கள். ஒரு தாளில் தவறினால் மறுதேர்வுக் கட்டணம், வீட்டாரின் கவலை, ‘இதற்குத்தான் படிக்க வைத்தோமா' என்று உறவினர் கேட்கும் கேள்வி, எல்லாம் சேர்ந்தே வரும். இதன் விளைவை ஆய்வுக்கூடத்தில் கண்கூடாகக் காணலாம். ஒரு கருவியைச் சுற்றி ஆறு பேர் நிற்கிறோம். முறுக்கு ஊசலின் கம்பி அறுந்துவிடுமோ, லென்ஸ் விழுந்து உடைந்துவிடுமோ, பணம் கட்டச் சொல்வார்களோ என்ற அச்சத்தில் ஐவர் கையைக் கட்டிக்கொள்கிறோம். ஒருவர் தொடுகிறார், மற்றவர்கள் எழுதுகிறோம். விடை என்ன வர வேண்டும் என்பது முன்பே தெரியும். அளவீடுகள் அந்த விடைக்கு ஏற்ப அடக்கமாக வந்து அமர்கின்றன. தோற்க அஞ்சும் இடத்தில் சோதனை நடப்பதில்லை, சடங்குதான் நடக்கிறது. நான் யாரையும் குறை கூறவில்லை. கருவிகள் குறைவு, மாணவர் மிகுதி, நேரம் சிறிது என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

இந்நிலையில் காசில்லாமல் தோற்பதற்கு ஓர் இடம் நமக்குத் தேவைப்படுகிறது. "இப்படிச் செய்தால் என்ன ஆகும்?" என்று நூறு தடவை கேட்டு, நூறு தடவையும் பதில் பெற ஓர் இடம் வேண்டும். அந்தச் சின்னஞ்சிறு விளையாட்டு அவ்விடத்தைத் தருகிறது. அறிவியலின் அடிப்படைப் பழக்கமே அந்தக் கேள்விதான் அன்றோ?

அளந்து பார்த்தால் தெரியும்

"விளையாடினால் மட்டும் இயற்பியல் வந்துவிடுமா?" என்று கேட்பீர்கள். வராது. ஆயிரம் கல் எறிந்த சிறுவன் கலிலியோ ஆவதில்லை. எறிவதற்கும் அறிவதற்கும் இடையே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதைத் திறந்தால் என்ன நடக்கிறது என்பதற்கு நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

கவண் விளையாட்டு ஒன்றில் பந்து பறப்பதைக் கைப்பேசியால் படம் பிடித்தேன். நொடிக்கு 30 படங்கள். ஆறு படத்துக்கு ஒரு முறை நிறுத்தினால் ஒவ்வொரு நிறுத்தமும் ஐந்தில் ஒரு நொடி. மடிக்கணினித் திரையில் அந்தக் காட்சியை ஓட்டி, திரைமேல் ஒட்டிய கண்ணாடித்தாளில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பந்தின் இடத்தைப் பேனாவால் குறித்தேன். கிடைமட்ட இடைவெளிகள் எல்லாம் ஏறத்தாழச் சமமாக இருந்தன. உச்சியிலிருந்து கீழிறங்கிய அளவுகள் ஏறத்தாழ 4, 12, 20, 28 மில்லிமீட்டர். நான்கால் வகுத்துப் பாருங்கள்: 1, 3, 5, 7! விழும் பொருள் சம நேரங்களில் ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் தூரம் கடக்கும் என்ற கலிலியோவின் விதி, அவர் 1638இல் வெளியிட்ட நூலில் இருப்பது, அக்காவின் பழைய மடிக்கணினியில் வந்து நின்றது. பாடநூலில் அதை நூறு முறை படித்தபோது வராத மகிழ்ச்சி அந்த நான்கு புள்ளிகளில் வந்தது.

அதோடு விடவில்லை. அடுத்தடுத்த தூரங்களின் வேறுபாடு 8 மில்லிமீட்டர். உண்மை உலகில் அந்த வேறுபாடு புவியீர்ப்பு முடுக்கத்தை நேரத்தின் இருமடியால் பெருக்கியது, அதாவது 9.8 × 0.04 = 0.392 மீட்டர். எனவே திரையின் 8 மில்லிமீட்டர் 39.2 சென்டிமீட்டருக்குச் சமம். திரையில் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தப் பந்து, உண்மையில் 49 சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரும் உருண்டை! "இல்லை, அது கிரிக்கெட் பந்து அளவுதான், ஏறத்தாழ 7 சென்டிமீட்டர்" என்று நாம் பிடிவாதம் பிடித்தால், கணக்கு வேறு விதமாகத் திரும்புகிறது. அப்போது அவ்வுலகின் ஈர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 1.4 மீட்டர்தான். நிலவில்கூட அது 1.6. ஆக, ஒன்று அந்தப் பந்து பெரியது. இல்லையேல் அந்த நாடு பூமியில் இல்லை. இதே முறையில் அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ரெட் அலைன் 2010இல் ஆங்கிரி பேர்ட்ஸை ஆராய்ந்து, அந்தச் சிவப்புப் பறவை ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று எழுதினார். சிட்டுக்குருவி என்று நாம் நினைத்தது வான்கோழி அளவு!

விளையாட்டு சொல்லும் பொய்கள்

இங்கேதான் நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்தி இருக்கிறது. விளையாட்டின் இயற்பியல் முழு உண்மையன்று. அது வேகத்துக்காகவும் வசதிக்காகவும் சில பொய்களைச் சொல்கிறது. அந்தப் பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் மாணவனுக்குரிய உண்மையான ஆட்டம்.

முதற்பொய், காலம். நம் உலகில் காலம் ஆறுபோல் ஓடுகிறது. விளையாட்டில் அது படிக்கட்டில் இறங்குகிறது; பெரும்பாலும் நொடிக்கு 60 படிகள். நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு ஒரு படிக்கு ஒரு மீட்டர் தாவும். நடுவில் 10 சென்டிமீட்டர் சுவர் இருந்தால், ஒரு படியில் சுவருக்கு இப்பாலும் மறுபடியில் அப்பாலும் நின்று, சுவரைத் தொடாமலே கடந்துவிடக்கூடும். இதைத் தடுக்கவே பாக்ஸ்2டி போன்ற தொகுப்புகளில் தனிக் கணக்குகள் சேர்க்கப்பட்டுள்ளன.

இரண்டாவது பொய், உராய்வு. உராய்வுக் குணகம் ஒரு பொருளுக்கு உரியதன்று, தொட்டுக்கொள்ளும் இரண்டு பரப்புகளின் சோடிக்கு உரியது என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். பாக்ஸ்2டியோ ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறது. இரண்டு பொருள்கள் தொட்டால் அவற்றின் எண்களைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துக்கொள்கிறது. ஒன்று 0.4, மற்றது 0.9 என்றால் உராய்வுக் குணகம் 0.6. இயற்கை இப்படிப்பட்ட வாய்பாட்டுக்குக் கையெழுத்துப் போடவில்லை! மேலும், நின்றிருக்கும் பொருளை அசைக்க ஓர் அளவு, அசைந்த பின் நகர்த்த அதைவிடக் குறைந்த அளவு என்று ஓய்வுநிலை உராய்வையும் இயக்க உராய்வையும் நாம் பிரித்துப் படிக்கிறோம். அங்கே இரண்டுக்கும் ஒரே எண். தேர் வடம் பிடித்த எவரையும் கேளுங்கள். முதல் அசைவுக்குத்தான் ஊரே வேண்டியிருக்கிறது, அசைந்த பின் தேர் தானே வருவதுபோல் வரும் என்பார்கள். அந்த அனுபவம் அந்த நிரலில் இல்லை.

மூன்றாவது, காற்று. பெரும்பாலான விளையாட்டுகளில் காற்றின் தடை கிடையாது. ஆகவே அங்கு 30 பாகையில் எறிந்தாலும் 60 பாகையில் எறிந்தாலும் சமதளத்தில் பந்து ஒரே தூரம் போகும்; 45 பாகையே உச்ச தூரம். நம் மைதானத்தில் பந்து எறிந்து பாருங்கள். காற்று அந்த அழகிய சமன்பாட்டைக் கலைத்துவிடும்.

இந்தப் பொய்களுக்காக விளையாட்டை ஒதுக்கிவிடலாமா? கூடாது. பாடநூலும் ‘உராய்வற்ற தளம்', ‘எடையற்ற கயிறு' என்று பொய் சொல்லித்தானே தொடங்குகிறது? எது எளிமைப்படுத்தப்பட்டது, எங்கே அது உடையும் என்று தெரிந்துகொள்வதே இயற்பியல்.

அந்த ஒரு மணி நேரம் யாருடையது?

எதிர்வாதங்களையும் நேர்மையோடு நோக்க வேண்டும். இவ்விளையாட்டுகள் நம்மைப் பிடித்து வைக்கும்படியே செய்யப்பட்டவை. ஒரு நிலை முடிந்ததும் அடுத்தது தானே திறக்கிறது. இடையிடையே விளம்பரங்கள் வருகின்றன. ‘இன்னும் ஒன்றே ஒன்று' என்று சொல்லிச் சொல்லி இரவு பதினொன்றாகிவிடும். இவை பொய்யான குற்றச்சாட்டுகள் அல்ல.

எங்களைப் போன்ற வீடுகளில் இதற்கு வேறொரு கனமும் உண்டு. உடலும் கரையும் வேறு வேறு நிறமாகக் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவருக்குத் துணையாக மறுபக்கம் ஒருவர் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். கல்லூரி விட்டு வந்தால் அந்தத் துணை நான்தான். நான் மடிக்கணினியின்முன் உட்காரும் ஒரு மணி நேரம், தறியின் மறுபக்கம் காலியாக இருக்கும் ஒரு மணி நேரம். கூலி சேலைக்குத்தான், மணிக்கு அன்று. அந்த நேரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். "நீ படிம்மா, இதை நாங்க பார்த்துக்கறோம்" என்பார் அம்மா. அப்படிக் கிடைத்த நேரத்தில் ஆடும் ஆட்டத்துக்குக் கணக்குக் காட்டும் கடமை எனக்கு உண்டு. நம்மில் பலருக்கும் உண்டு. வீட்டில் தறி இருந்தால் தறி. இல்லையேல் வயல், கடை, கட்டட வேலை. இடம் மாறலாம், கடன் ஒன்றே.

ஆனால் அந்தக் கணக்கைக் காட்டினால் வீடும் புரிந்துகொள்கிறது என்பதற்கு ஒரு சான்று சொல்வேன். ஒருநாள் பலகையின் இருபுறமும் எடைகளை வைத்துச் சமன் செய்யும் புதிர் ஒன்று திரையில் இருந்தது. தார் எடுக்க வந்த அப்பா பின்னால் நின்று பார்த்தார். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்.

"என்னம்மா அது, தராசா?" என்றார்.

"ஆமாம்ப்பா. இந்தப் பெரிய கல்லுக்கு அந்தச் சின்னக் கல்லைச் சமமாக்கணும்."

"சின்னதை ஓரத்துக்குத் தள்ளு. பெரிசு உள்ளே வரட்டும். சரியாயிடும்."

தள்ளினேன், பலகை நேராக நின்றது. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். "ஜக்கார்டு பெட்டியைத் தூக்கற கட்டையைத் தினம் மிதிக்கறேனே. கட்டை நீளமா இருந்தா லேசாத் தூக்கும், குட்டையா இருந்தா கால் வலிக்கும். இதுக்கா காலேஜு?"

திருப்புத்திறன் என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். "பேரு வெச்சிருக்காங்களா இதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் காலுக்குத் தெரிந்ததும் என் நோட்டுக்குத் தெரிந்ததும் ஒன்றே என்பதை அந்தச் சின்ன விளையாட்டு ஒரு திண்ணைபோல் இருந்து சந்திக்க வைத்தது. அன்றுமுதல் வீட்டில் அதை ‘உன் தராசுப் பாடம்' என்கிறார்கள்.

எனவே எனக்கென்று மூன்று விதிகளை வைத்துக்கொண்டிருக்கிறேன். விரும்புவோர் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, எறிவதற்கு முன் எங்கே விழும் என்று எழுத வேண்டும். எழுதாத எறி கணக்கில் சேராது. இரண்டு, பத்து எறிகளுக்கு மேல் போகக்கூடாது. பத்து முடிந்ததும் கணிப்பொறியை மூடிக் கணக்கைத் திறக்க வேண்டும். மூன்று, எந்த விளையாட்டானாலும் அது சொல்லும் ஒரு பொய்யையாவது கண்டுபிடித்த பின்பே அடுத்த விளையாட்டுக்குப் போக வேண்டும். முதல் விதி ஊகிக்கக் கற்றுத்தருகிறது. இரண்டாவது நேரத்தைக் காக்கிறது. மூன்றாவது ஏமாறாமல் காக்கிறது.

கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

நம் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தின் சுவரில் ‘விளையாட்டுகளுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருக்கிறது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. அந்த வரியை அழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், வகுப்புகள் முடிந்த பின் ஒரு மணி நேரம், இயற்பியல் மாணவர்களுக்கு அந்த வரியிலிருந்து விலக்கு அளிக்க வேண்டுகிறேன். கையில் நோட்டுப் புத்தகம் உள்ளவர் மட்டும் உள்ளே வரட்டும்.

விளையாட்டு என்ற சொல்லே உறுத்தினால் வேறு வழியும் உண்டு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ‘பெட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஊசல், எறிபொருள், மின்சுற்று, துலாப் பலகை எனப் பல சோதனைகளை உலாவியிலேயே செய்து பார்க்கும்படி இலவசமாக வைத்துள்ளார்கள். சிலவற்றைத் தமிழிலும் காணலாம். இணையம் இல்லாத கணிப்பொறியில் ஏற்றிக்கொள்ளவும் முடியும். ஒரு காசும் செலவில்லை. இவை நம் ஆய்வுக்கூடத்துக்கு மாற்று என்று நான் சொல்ல மாட்டேன். திரையில் கம்பி அறுவதில்லை, கையில் அறுகிறது. கை கற்க வேண்டியதைக் கைதான் கற்க வேண்டும். ஆனால் திரையில் இருபது முறை துணிந்து தவறிய மாணவி, உண்மைக் கருவியின் முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டாள். அந்த ஆறு பேரில் ஐவரும் முன்வந்து, "சார், நான் ஒரு முறை செய்து பார்க்கட்டுமா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எழுந்தாலே போதும். இந்த ஒரு மணி நேரத்துக்கான கூலி கிடைத்துவிட்டது.

மாணவ நண்பர்களே! நம் பெற்றோர் தோற்க முடியாத இடங்களில் உழைத்து, நமக்குத் தோற்கக் கொஞ்சம் இடம் வாங்கித் தந்திருக்கிறார்கள். அதை வெறும் பொழுதுபோக்காகச் செலவிடுவது முறையன்று; அஞ்சி ஒதுங்குவதும் முறையன்று. ஊகித்து எறிவோம், அளந்து பார்ப்போம், தவறினால் ஏன் என்று எழுதிவிட்டு மீண்டும் எறிவோம். விளையாட்டு வினையாகட்டும், நல்வினையாகட்டும்!